முதலில் உடம்பு, பிறகுதான் கதை

கோபமோ பயமோ தலைக்கேறுகிற நேரம் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, சுவர் மணிக்கூட்டின் வினாடி முள்ளைப் பார்த்தபடி 15 வினாடிக்கு நாடியை எண்ணுங்கள். 25 அல்லது அதற்கு மேல் வந்தால் வாயைத் திறக்காதீர்கள். வட்ஸ்அப்பையும் திறக்காதீர்கள்.

15 வினாடியில் 25 என்றால் நிமிடத்துக்கு 100. சும்மா கதிரையில் இருக்கிற வளர்ந்த ஆளுக்கு நாடி வழமையாக 60க்கும் 100க்கும் இடையில் நிற்கும். கணவன் மனைவி வாக்குவாதங்களை ஆய்வுகூடத்தில் வைத்துப் பல ஆண்டுகள் அளந்து பார்த்த அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மன் இந்த 100ஐத்தான் எல்லையாகச் சொல்கிறார். அதைத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழும், தலைக்குள் போகாது. நியாயம் பிடிபடாது. பகிடி குத்தலாகப்படும். மாடிப்படி ஏறி வந்தவர், காய்ச்சல்காரர், தைரொயிட் கூடியவர் ஆகியோருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கோ கோபம் கொதித்தாலும் நாடி 80ஐத் தாண்டாமல் இருக்கலாம். அவர்கள் வேறு அடையாளம் பார்க்க வேண்டும்: தாடை இறுகுகிறதா, காது சூடாகிறதா, குரல் உயர்கிறதா, ஒரே வசனத்தை மூன்றாம் தடவை சொல்கிறோமா.

எங்கள் பக்கத்தில் இந்த நிலையில் உள்ளவருக்குக் கிடைக்கிற அறிவுரை எல்லாம் மனதுக்குத்தான் போகும். "மனசைத் திடப்படுத்து." "கோவத்தை அடக்கு." "கொஞ்சம் யோசிச்சுப் பார்." சொல்பவரில் பிழையில்லை, சொல்கிற நேரம்தான் பிழை. அந்த நிமிடத்தில் யோசிக்கிற பகுதிக்கு மூளைக்குள் கையோங்கல் இல்லை. உடம்பைப் பிடித்தால் மனம் பின்னால் வரும். மனதைப் பிடிக்கப் போனால் இரண்டும் கைநழுவும். ஆகவே ஒழுங்கு இது: முதலில் உடம்பு, அடுத்து இடம், பிறகு சொல், கடைசியாக முடிவு. கட்டுப்பாடு போய்விட்டது என்று வருந்துபவர்களில் அனேகர் நாலாவதில் தொடங்கியவர்கள்.

ஒரு விளக்கம் மட்டும் சொல்லிவிட்டுச் செய்முறைக்குப் போகலாம். ஆபத்து என்று மூளை கணித்த மறுகணமே சிறுநீரகங்களின் மேலே தொப்பி மாதிரி இருக்கிற சுரப்பிகள் அட்ரினலினை விடுகின்றன. இரத்தத்தில் அதன் அளவு சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும். அதே சுரப்பிகள் விடுகிற இன்னொரு சுரப்பான கோர்ட்டிசோல் மெதுவாக ஏறி, 20 முதல் 30 நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்கும். அப்படியானால் காலையில் வந்த கோபம் இரவுச் சாப்பாடு வரை நிற்பது எப்படி? நாங்கள் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறோம். "அவள் அப்படிக் கேட்டாளே, நான் இப்படிச் சொல்லியிருக்க வேணும்" என்று ஒவ்வொரு தடவை மனதுக்குள் நாடகம் போடும்போதும் சுரப்பிக்குப் புதுக் கட்டளை போகிறது. 20 நிமிடம் தள்ளி இருந்தாலும் அந்த 20 நிமிடமும் வழக்காடிக்கொண்டிருந்தால் தள்ளி இருந்ததாகக் கணக்கில்லை.

குளிர்ந்த தண்ணீர்

மிக வேகமாக வேலை செய்வது இதுதான். முகம், குறிப்பாக நெற்றியும் கண்களைச் சுற்றிய இடமும், குளிர்ந்த நீரில் அமிழ்ந்து மூச்சும் நின்றால், உடம்பு "தண்ணீருக்குள் மூழ்கிவிட்டேன்" என்று எடுத்துக்கொள்ளும். ஒட்சிசனைச் சேமிக்க இதயத் துடிப்பைக் குறைக்கும். சீல்களிலும் திமிங்கிலங்களிலும் பலமாக இருக்கிற இந்த அனிச்சைச் செயல் மனிதரிலும் மிச்சமிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கிய சிகிச்சை முறையில் இதற்கு நிரந்தர இடம் உண்டு.

திருகோணமலையில் இதைச் செய்வதில் ஒரு சிக்கல். எங்கள் தண்ணீர் குளிராது. கூரையில் உள்ள கறுப்புத் தாங்கியிலிருந்து மத்தியானம் வருகிற தண்ணீரில் தேத்தண்ணியே ஊற்றலாம் போலிருக்கும். கிணற்றுத் தண்ணீரும் 28 பாகைக்குக் கிட்டத்தான். (கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் வேறு எதற்காவது நல்லதாக இருக்கலாம், இதற்கு இல்லை.) பைப்பைத் திறந்து முகத்தில் இரண்டு கை தண்ணீர் அடித்துவிட்டு "இது சரிவரேல்லை" என்பவர்கள் குளிரை விட்டுவிட்டார்கள், மூச்சையும் விட்டுவிட்டார்கள்.

அளவு சொல்கிறேன். அகலமான பேசின் ஒன்றில் 2 லீற்றர் கிணற்றுத் தண்ணீர், அதற்குள் 350 கிராம் அளவு ஐஸ்கட்டி. சாதாரண பிரிட்ஜ் தட்டு ஒன்று நிறையவும் அதற்கு மேல் கொஞ்சமும். ஐஸ் கரைந்து முடிகையில் தண்ணீர் 10, 11 பாகைக்கு வரும். இன்னும் குளிராக்க வேண்டியதில்லை. 10க்குக் கீழே போனால் வலிதான் மிஞ்சும். மேசையில் பேசினை வைத்து, கதிரையில் இருந்தபடி குனியுங்கள். நின்று குனிந்தால் சிலருக்குத் தலைசுற்றும். சாதாரணமாக ஒரு மூச்சு எடுத்து நிறுத்தி, நெற்றி மயிர் தொடங்குகிற இடம் வரை முகத்தை அமிழ்த்துங்கள். 15 முதல் 30 வினாடி. மூச்சு முட்டினால் உடனே எழும்புங்கள், இது போட்டியில்லை. ஒரு நிமிடம் விட்டு மீண்டும். இரண்டு மூன்று தடவை போதும்.

பேசின் வைக்க வசதியில்லாவிட்டால் ஐஸ்கட்டிகளையும் கொஞ்சத் தண்ணீரையும் பொலித்தீன் பையில் கட்டி, லேஞ்சியில் சுற்றி, கண்களுக்குக் கீழும் கன்னத்திலும் அழுத்திப் பிடித்து, குனிந்து மூச்சை நிறுத்துங்கள். கந்தோரிலோ கடையிலோ என்றால் முன்கடையில் விற்கிற ஐஸ் பைக்கற் ஒன்றே உதவும். ஐஸை உள்ளங்கையில் பொத்திப் பிடிப்பதும் தலையில் வாளித் தண்ணீர் ஊற்றுவதும் கவனத்தைத் திருப்பும். ஆனால் இந்த அனிச்சைச் செயலின் வாசல் முகத்தில்தான்.

இதய வருத்தம் உள்ளவர்கள், நாடி இயல்பிலேயே மெதுவானவர்கள், அட்டெனலோல், புரோப்ரனலோல் போன்ற மாத்திரை எடுப்பவர்கள், சாப்பிடாமல் உடல் மிகவும் மெலிந்தவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. புரோப்ரனலோலைப் பதற்றத்துக்கும் ஒற்றைத் தலையிடிக்கும்கூடக் கொடுப்பார்கள். "எனக்கு இதய வருத்தம் இல்லையே" என்று நினைக்கிறவர் மாத்திரை மட்டையை ஒரு தரம் திருப்பிப் பார்ப்பது நல்லது.

இதன் பலன் சில நிமிடங்களுக்குத்தான். அந்த இடைவெளியில் அடுத்ததைச் செய்யாவிட்டால் அலை திரும்பி வரும்.

பெருமூச்சு

"என்ன பெருமூச்சு விடுறாய், வீட்டுக்குக் கூடாது" என்று அதட்டி வளர்த்த சமூகம் எங்களுடையது. உடம்போ தானாகவே சரியான வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. 2023இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று மூன்று வகை மூச்சுப் பயிற்சிகளையும் தியானத்தையும் நாளுக்கு 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் ஒப்பிட்டது. மனநிலையைக் கூடுதலாக உயர்த்தியது பெருமூச்சு வகைதான்.

மூக்கால் மூச்சை இழுங்கள். நிறைந்தது போலிருக்கும்போது, விடாமல், மேலே இன்னொரு சின்ன இழுப்பு. விக்கி விக்கி அழுத பிள்ளை அடங்குகிற நேரம் இரண்டு தரம் இழுக்குமே, அதே மாதிரி. அந்த இரண்டாவது இழுப்பு நுரையீரலில் சுருங்கிக் கிடக்கிற சிறு அறைகளை விரிக்கிறது. பிறகு வாயால், சூடான தேத்தண்ணியை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து, முழுதும் வெளியே போகும்வரை மெதுவாக விடுங்கள். விடுகிற நேரம் இழுக்கிற நேரத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். துடிப்பு குறைவது மூச்சு வெளியே போகும்போதுதான். எண்ணிக்கை வேண்டுபவர்கள் இழுக்க 4, விட 6 என்று வைக்கலாம். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். எண்ணுவதே எரிச்சலாக இருந்தால் தேவாரமோ ஓதலோ கீதமோ, இழுத்துச் சொல்கிற எதுவும் மூச்சை அதே நீளத்துக்குக் கொண்டுவரும்.

இதில் நடக்கிற பிழை எப்போதும் ஒன்றே: ஆழமாக என்றால் நிறைய என்று நினைத்து, நெஞ்சை நிமிர்த்தி வேகமாக வாரி வாரி இழுப்பது. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து, மூளைக்குப் போகும் குழாய்கள் ஒடுங்கும். தலை கிறுகிறுக்கும், உதட்டைச் சுற்றி விறைக்கும், விரல் நுனியில் எறும்பு ஊரும், சிலருக்குக் கை மடங்கி இறுகும். அதைக் கண்டு பயந்து இன்னும் வேகமாக இழுப்பார்கள். அப்படி வந்தால் வாயை மூடுங்கள், மூக்கால் மட்டும், சின்ன மூச்சாக, விடுவதை மட்டும் நீட்டுங்கள். சில நிமிடத்தில் விறைப்பு விடும். கடதாசிப் பைக்குள் மூச்சு விடுகிற பழைய வைத்தியம் வேண்டாம். வந்தது தொய்வோ இதயக் கோளாறோ என்றால் இருக்கிற ஒட்சிசனும் குறைந்துவிடும்.

பதகளிப்பின் உச்சம் அனேகமாக 10 நிமிடத்துக்குள் வந்து இறங்கத் தொடங்கும். "சாகப்போகிறேன்" என்று தோன்றுகிற நிமிடம்தான் பெரும்பாலும் அந்த உச்சம். ஆனால் முதல் தடவை நெஞ்சு வலி வந்தால், கைக்கோ தாடைக்கோ பரவினால், குளிர்ந்த வியர்வை வழிந்தால், இந்தப் பதிவை வாசித்துக்கொண்டு இருக்காதீர்கள். 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பதகளிப்பு என்று முடிவு செய்ய வேண்டியது ஈசீஜீ எடுத்த பிறகு வைத்தியர்.

கோபத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு

"மனசில வச்சிருக்காதே, கொட்டித் தீர்த்திடு" என்பது எல்லோருக்கும் பிடித்த அறிவுரை. தலையணையைக் குத்து, கத்து, ஓடு. இது பிழை என்பதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். 2002இல் பிரட் புஷ்மன் என்ற உளவியலாளர், அவமதிக்கப்பட்ட மாணவர்களில் ஒரு பகுதியினரை, அவமதித்தவனை நினைத்தபடி குத்துப் பையில் அடிக்கவிட்டார். இன்னொரு பகுதியினர் எதுவும் செய்யாமல் இருந்தார்கள். அடித்தவர்களுக்குத்தான் கோபம் கூடியது. 2024இல் 150க்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. துடிப்பைக் குறைக்கிறவை கோபத்தைக் குறைக்கின்றன, துடிப்பைக் கூட்டுகிறவை குறைப்பதில்லை. மெல்லோட்டம்கூட உதவவில்லை.

ஆகவே பிரித்துச் செய்ய வேண்டும். பயம், அந்தரம், கால் தரிக்காத பதைபதைப்பு என்றால் நடக்கலாம். 10, 15 நிமிடம், வியர்க்கிற வேகத்தில். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு டச்சுக்குடாக் கரையோ உள்துறைமுகப் பக்கமோ நல்லது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியான வெயிலில் இறங்கினால் உடம்புக்கு இன்னொரு சண்டை கொடுத்ததாகிவிடும். கோபம் என்றால் ஓரிடத்தில் இருங்கள். தசையை இறுக்கித் தளர்த்துவது அதற்கு ஏற்றது: முஷ்டியை முக்கால் பலத்தில் 5 வினாடி இறுக்கி, சட்டென்று விட்டு, 10 வினாடி அந்தத் தளர்வைக் கவனியுங்கள். பிறகு தோள் காதுவரை. பிறகு வயிறு, தொடை, கால்விரல். முழுப் பலத்தில் இறுக்கினால் கெண்டை பிடிக்கும். கவுண்டருக்குப் பின்னால் இருந்து சனத்தோடு மாரடிக்கிறவர்களுக்கு இது அருமையான ஒன்று. மேசைக்குக் கீழே காலில் செய்வதை யாரும் காண மாட்டார்கள்.

மோட்டார் சைக்கிள் சாவியை மட்டும் எடுக்காதீர்கள். கோபத்தில் வீட்டை விட்டு இறங்குகிறவர் நடந்து இறங்கட்டும்.

தள்ளிப் போகிறதும் திரும்பி வருகிறதும்

"அறைக்குள் போய்த் தனியாக இருங்கள்" என்று எழுதுகிறவர்கள் எங்கள் வீடுகளைக் கண்டிருக்க மாட்டார்கள். இரண்டு அறை, அதில் ஒன்றில் மாமி, மற்றதில் ஓ எல் படிக்கிற பிள்ளை. தனியிடம் என்றால் கிணற்றடி, பின்வளவு, குளியலறை, கோயில் வீதி. அதை முன்கூட்டியே, சந்தோசமாக இருக்கிற ஒரு நாளில், இருவரும் பேசி வைத்திருக்க வேண்டும். சண்டைக்குள் நின்று புதுச் சட்டம் போட ஏலாது.

சொல்ல வேண்டிய வசனத்தில் மூன்று துண்டு உண்டு: என் நிலை, எவ்வளவு நேரம், திரும்பி வருவேன். "இஞ்சாருங்கோ, எனக்கு இப்ப தலை கொதிக்குது. அரை மணித்தியாலம் பின்னுக்கு இருந்திட்டு வாறன், பிறகு கதைப்பம்." இதில் "உங்களோட" என்ற சொல்லே இல்லை, கவனியுங்கள். "உங்களோட கதைக்கேலாது" என்றால் அதே இடைவெளி தண்டனையாகிவிடும். ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போவதும் அப்படித்தான். விட்டுப் போகிறார் என்றுதான் மற்றவருக்குப் படும், பின்னாலேயே வருவார், கிணற்றடியில் இரண்டாம் சுற்று தொடங்கும். குறைந்தது 20 நிமிடம், கூடினால் ஒரு மணித்தியாலம். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வராதவருடைய அடுத்த இடைவெளியை யாரும் மதிக்க மாட்டார்கள். திரும்பி வந்தும் நாடி இறங்கவில்லையா, வெட்கப்படாமல் "இன்னும் இருவது நிமிசம்" என்று கேளுங்கள்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது கைக்கு வேலை. அரிசியில் கல் பொறுக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம், பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம். சும்மா இருந்தால் நாடகம் ஓடும்.

கை ஓங்குகிற வீட்டுக்கு இது பொருந்தாது. அங்கே பயப்படுகிறவர் தன் நாடியை எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929.

தள்ளி இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு போனைத் தூக்குகிறவர்கள் தனி ரகம். இங்கே இரவு பதினொரு மணி. லண்டனில் இருக்கிற தம்பிக்கு, குளிர்காலம் என்றால், மாலை ஐந்தரை. அவன் வேலை முடிந்து ரயிலில் நிற்கிறான். காணிப் பிரச்சினையோ அம்மாவின் மருந்துச் செலவோ, அக்கா நாலு நிமிடக் குரல்பதிவு ஒன்றை அனுப்புகிறா. இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை. ரயில் இரைச்சலில் அவன் பாதிதான் கேட்டான். இங்கே அக்காவுக்கோ அந்த நீலக் கோடு ஒவ்வொரு நிமிடமும் ஒரு புதுப் பொருள் சொல்கிறது. பன்னிரண்டு மணிக்குள் இரண்டாவது பதிவு போகும், அதில் முப்பது வருடக் கணக்கு வரும். குரல்பதிவு எழுத்தை விட மோசம். எழுதினால் ஒரு தரமாவது கண்ணில் படும், பதிவை யாரும் அனுப்ப முன்னம் கேட்பதில்லை. எழுதியே ஆக வேண்டும் என்று கை துடித்தால் வட்ஸ்அப் பெட்டிக்குள் அல்ல, கொப்பியில் எழுதுங்கள். போனில்தான் என்றால் குறிப்புப் பக்கத்தில். காலையில் சாப்பிட்ட பிறகு வாசியுங்கள். அனுப்புவதாக இருந்தால் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் வெட்டிவிட்டு அனுப்புங்கள். கொதிப்பு பெரும்பாலும் அந்த இரண்டிலும்தான் தங்கியிருக்கும்.

பெயர் வைத்தல்

உடம்பு இறங்கிய பிறகுதான் இது. உணர்ச்சிக்குச் சொல்லால் பெயர் வைக்கும்போது மூளையின் எச்சரிக்கை மணியான அமிக்டலாவின் இயக்கம் தணிகிறது என்று 2007இல் மத்தியூ லீபர்மனும் அவருடைய குழுவினரும் மூளைப் படங்கள் எடுத்துக் காட்டினார்கள். அங்கே சோதித்தது முகப் படங்களைப் பார்த்து "கோபம்", "பயம்" என்று சொல் தெரிவதை மட்டும். எங்களுக்கு அதைவிட வசதி உண்டு. தமிழில் எல்லாவற்றையும் கோபம் என்று மூட்டை கட்டிவிடுகிறோமே தவிர, உள்ளே சொற்கள் தாராளம்.

எரிச்சல், கடுப்பு, ஆத்திரம், வன்மம் ஒரு பக்கம். அந்தரம், ஏக்கம், பதகளிப்பு, திகில் இன்னொரு பக்கம். அவமானம், வெட்கம், குற்ற உணர்வு வேறு. ஏமாற்றம், விரக்தி, மனவெறுப்பு வேறு. "விசர் வருது" என்ற ஒன்றுக்குள்ளேயே களைப்பும் பசியும் அவமானமும் மாறி மாறி ஒளிந்திருக்கும். பெயர் மாறினால் செய்ய வேண்டியதும் மாறும். ஒரு தகப்பன் கலியாண வீட்டில் எல்லோர் முன்னாலும் மகனைப் பார்த்துக் கத்துகிறார். கேட்டால் கோபம் என்பார். சற்று முன்னர் மச்சான்காரர் "பொடியன் இன்னும் வேலைக்குப் போகேல்லையோ" என்று கேட்டிருப்பார். அது அவமானம். கோபம் என்று பெயர் வைத்தால் மகனைத் திருத்த வேண்டும் என்று தோன்றும். அவமானம் என்று பெயர் வைத்தால் மச்சானுக்கு ஒரு பதில் தயாரித்தால் போதும் என்று தெரியும்.

"எனக்கு அவன் என்னை ஏமாத்திட்டான் எண்டு இருக்கு" என்பது உணர்ச்சியின் பெயர் அல்ல, அவன் மேல் வழக்கு. ஒரு சொல்லில் சொல்ல வராவிட்டால் இன்னும் வழக்கில்தான் நிற்கிறீர்கள். பெயரோடு ஓர் எண்ணும் வையுங்கள், 0 முதல் 10 வரை. "அவமானம், 7." 5க்குக் கீழே வந்த பிறகு முடிவெடுக்கலாம். 7இல் இருந்துகொண்டு ராஜினாமாக் கடிதம் எழுதினால் பிறகு 3க்கு இறங்குகிற நீங்கள்தான் அதற்கு விலை கொடுப்பீர்கள்.

கண்ணை மூட வேண்டாதவர்கள்

தியான வகுப்புகளில் "கண்ணை மூடுங்கள், கடல் அலையை நினையுங்கள்" என்பார்கள். இந்த மாவட்டத்தில் அதை எல்லோருக்கும் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26ஐக் கரையில் நின்று கண்டவருக்குக் கடல் இரைச்சல் ஆறுதல் இல்லை. 2009 வரை ஷெல் சத்தத்தோடு வளர்ந்தவருக்குக் கோயில் திருவிழா வெடியே போதும், உடம்பு நிலத்தில் படுத்துவிடும். அப்படியானவருக்கு உணர்ச்சி பொங்குவது ஒரு வகை, திடீரென்று எல்லாம் தூரப் போய் மரத்துப்போவது இன்னொரு வகை. இரண்டாவதில் மூச்சைக் கவனிக்கச் சொன்னால் சிலருக்குக் கூடிவிடும்.

அவர்களுக்குக் கண் திறந்தே இருக்கட்டும். வெறுங்காலை நிலத்தில் அழுத்துங்கள். சீமெந்து குளிராக இருந்தால் நல்லது. சத்தமாக, வாய்விட்டு, இன்றைய திகதியையும் இருக்கிற இடத்தையும் தன் வயதையும் சொல்லுங்கள். பிறகு காண்கிற ஐந்து, தொடுகிற நாலு, கேட்கிற மூன்று, மணக்கிற இரண்டு, சுவைக்கிற ஒன்று. பொதுவாக அல்ல, நுணுக்கமாக: "யன்னல்" என்று விடாமல் "யன்னல் கம்பியில் துரு, மூன்றாவது கம்பி வளைஞ்சிருக்கு" என்று. கோட்டை வாசலில் நிற்கிற மான் என்றால் அதன் முதுகுப் புள்ளிகளை எண்ணலாம். தூரத்தில் பாண் ஓட்டோவின் பாட்டு, பக்கத்து வீட்டுக் கருவாட்டு மணம், வாயில் ஒரு துண்டு புளி அல்லது இஞ்சி. பழைய நினைவு அந்த நாளைக் கொண்டுவருகிறது. திகதியும் துருவும் புளியும் இந்த நாளைக் கொண்டுவருகின்றன. பக்கத்தில் இருப்பவர் பின்னாலிருந்து தொடக் கூடாது. முன்னால் வந்து, பெயர் சொல்லி, தன் பெயரையும் சொல்ல வேண்டும்.

சும்மா இருக்கிற நாளின் வேலை

மேலே சொன்ன எதையும் உணர்ச்சி வெள்ளம் வந்த பிறகு முதல் தடவையாகச் செய்தால் வராது. பெருமூச்சுப் பயிற்சியை நாளுக்கு இரண்டு தரம், 5 நிமிடம், எந்தப் பிரச்சினையும் இல்லாத நேரத்தில் செய்து வையுங்கள். குளிர்நீரை ஒரு சனிக்கிழமை சோதித்துப் பாருங்கள். ஐஸ் தட்டு எப்போதும் நிறைந்திருக்கட்டும், வீட்டில் உள்ளவர்களுக்கு அது எதற்கென்று தெரிந்திருக்கட்டும். இல்லாவிட்டால் வேண்டிய அன்று ஜூஸுக்குப் போயிருக்கும்.

சி.ஆர். கொப்பி ஒன்றில் இரண்டு கிழமைக்குக் கோடு போட்டு எழுதுங்கள்: நேரம், என்ன நடந்தது, பெயர், எண், அதற்கு முன் எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், முதல் நாள் எத்தனை மணித்தியாலம் படுத்தேன். கடைசி இரண்டு நிரலையும் சனம் விட்டுவிடும். பாடம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். பகல் இரண்டு மணிச் சண்டைகள் அனேகம் காலைச் சாப்பாடு விட்ட நாட்களில் விழும். நாலு பிளேன்டீயும் ஐந்து மணித்தியால நித்திரையும் சேர்ந்தால் நாடி ஏற்கனவே 90இல் நிற்கும், 100க்கு ஒரு சொல் போதும். சாராயம் அந்த இரவு அமர்த்தும், பின்னிரவு நித்திரையைக் குலைத்து மறுநாள் எரிச்சலாகத் திருப்பிக் கொடுக்கும்.

கிழமையில் மூன்று நாலு தரம் இப்படி வருகிறது, வேலையோ படிப்போ குலைகிறது, பொருள் உடைகிறது, குடி கூடுகிறது, தன்னையே காயப்படுத்த வேண்டும் போலிருக்கிறது என்றால் இது பேசினும் ஐஸும் தாங்கிப் பிடிக்கிற எல்லையைத் தாண்டிவிட்டது. சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அப்படித்தான். அந்த இரவே 1926க்கு எடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம், தமிழில் கதைக்கலாம். வீட்டில் உள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் வேறொருவர் எடுத்து வைக்கட்டும். பகலில் என்றால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவு, பணம் கட்டத் தேவையில்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். "விசர் ஆசுப்பத்திரி" என்று ஊர் சொல்லும் என்ற பயம் இருந்தால் முதலில் அங்கே போகலாம்.

கிளினிக்கில் வைத்தியரோடு கிடைக்கிற நேரம் குறைவு. "மனசு சரியில்லை" என்று தொடங்கினால் அதிலேயே முடிந்துவிடும். கொப்பியைக் கொண்டு போங்கள். முதல் பக்கத்தில் நாலு வரி எழுதியிருக்கட்டும்: கிழமைக்கு எத்தனை தரம், எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போதிருந்து, இப்போது எடுக்கிற எல்லா மாத்திரைகளின் பெயரும், ஆயுர்வேதம் உட்பட. தைரொயிட், இரும்புச்சத்து, சீனி ஆகியவற்றுக்கு இரத்தம் பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். நெஞ்சுப் படபடப்போடு வருகிற சிலருக்குப் பதில் அந்த இரத்தப் பரிசோதனைத் துண்டில்தான் இருக்கும்.